பால் கொடுக்கும் காலத்தில் முகத்துக்கும் உடம்புக்கும் என்ன தேய்க்கலாம்? (மங்கு, வறட்சி, காம்பு வெடிப்பு)

குடந்தைப் பொண்ணு:

அக்காக்களே, தோழிகளே, எனக்குக் கொஞ்சம் விவரம் வேண்டும். பாப்பாவுக்கு மூன்றாவது மாதம் நடக்கிறது, சிசேரியன், தாய்ப்பால் மட்டும்தான். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். மாசமாக இருந்தபோது கன்னத்திலும் மேலுதட்டிலும் கறுப்புத் திட்டாக வந்த மங்கு இன்னும் போகவில்லை, நெற்றியிலும் படர ஆரம்பித்திருக்கிறது. கை கால் ஒரேயடியாக வறண்டு, நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது. வயிற்றில் வரி வரியாக இருப்பது ஒருபுறம் இருக்கட்டும், இடது காம்பில் வெடிப்பு விட்டு பாப்பா வாய் வைத்தவுடன் உயிர் போகிறது.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பாட்டி குளியல் பொடி அரைத்துத் தந்திருக்கிறார், அதில் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கார்போக அரிசி எல்லாம் இருக்கிறது. மாமியார் மங்குக்கு எலுமிச்சைச் சாறும் தேனும் குழைத்துத் தடவச் சொல்கிறார், காம்பு வெடிப்புக்கும் தேன்தான் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா 'முழுக்க மூலிகை' என்று ஒரு நைட் கிரீம் கொண்டுவந்து கொடுத்தார், ஒரே வாரத்தில் வெளுக்குமாம், ஆனால் டப்பாவில் என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

பாப்பா எந்நேரமும் என் மேலேயே கிடக்கிறாள், கன்னத்தை நக்குகிறாள், கழுத்தில் முகத்தைப் புதைக்கிறாள். அதனால் இயற்கையாக இருப்பது மட்டும் போதும் என்று நினைக்கிறேன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாஞ்சில் அம்மா:

வாழ்த்துகள் தங்கச்சி. முதலில் அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாட்டி அரைத்ததில் எல்லாம் நல்ல சரக்குதான், ஒன்றைத் தவிர. கார்போக அரிசியை உங்கள் முகத்துக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். வெண்புள்ளி வந்தவர்களுக்குத் தடவி வெயில் படச் சொல்வார்களே, அந்த விதைதான் இது. அதில் இருக்கும் சோராலென் என்ற பொருள் பட்ட தோல் வெயிலில் சீக்கிரம் சிவந்து கறுக்கும். வெண்புள்ளிக்காரருக்கு அந்தக் கறுப்புதான் வேண்டும், மங்கு இருக்கும் உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிச் சாமான் என்று கேட்டால் பல இடத்தில் கேட்காமலே இதையும் சேர்த்துக் கட்டித் தருவார்கள், பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும். கறுப்பாக, தட்டையாக, கொஞ்சம் கசப்பு வாசனையோடு இருக்கும்.

எலுமிச்சையும் அப்படித்தான். சாறு தடவிய முகத்தோடு துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போய் வந்தால் எரிச்சலும் கறுப்பும் வர வாய்ப்பு அதிகம், புளிப்பே தோலை அரிக்கும். பிரசவத்துக்குப் பிறகு வறண்டு கிடக்கும் தோலுக்கு அது ஆகாது.

வெறும் பச்சைப்பயறு மாவு போதும். அதையும் மில்லில் அரைத்த கையோடு தேய்க்காமல் மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தரம் சலியுங்கள், கொரகொரப்பாகத் தேய்த்தால் மங்கு இன்னும் தூண்டப்படும். பால் கொடுக்கும் இடத்தில் மாவும் வேண்டாம், சோப்பும் வேண்டாம், வெறும் தண்ணீர்தான். பொடியைப் பாப்பா பக்கத்தில் வைத்துக்கொண்டு உதறாதீர்கள், மூக்கில் ஏறும்.

வறட்சிக்கு எங்கள் பக்கம் உருக்கெண்ணெய்தான். நன்றாக முற்றிய தேங்காயைத் துருவி, கெட்டிப்பால் பிழிந்து, அடிகனமான உருளியில் சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பால் திரியும், அப்புறம் கொழகொழவென்று வரும், அந்த நேரத்தில் கையை எடுத்தால் அடிபிடித்துவிடும். கசடு பொன்னிறமாகி, சலசலப்பு அடங்கி, எண்ணெய் தனியே தெளிந்து நிற்கும்போது இறக்கி வடிகட்டினால் வீடு முழுக்க வாசனையாக இருக்கும். குளித்துவிட்டுத் துவட்டி, ஈரம் லேசாக இருக்கும்போதே கை கால் வயிறு எல்லாம் தடவுங்கள். எண்ணெய் தானாக ஈரத்தைக் கொண்டுவராது, இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைக்கும், அதனால் காய்ந்த தோலில் தடவுவதைவிட ஈரத்தோலில் தடவுவதுதான் பலன் தரும். இதில் கற்பூரமோ வாசனைத் தைலமோ சேர்க்காதீர்கள். பச்சைக் குழந்தைக்குக் கற்பூரம் விஷம், நெஞ்சிலும் கழுத்திலும் தடவியிருந்தால் நேராக அவள் வாய்க்குத்தான் போகும்.

முகத்தில் பரு வரும் வாகு என்றால் தேங்காய் எண்ணெய் முகத்துக்கு வேண்டாம், துவாரத்தை அடைக்கும். வயிற்று வரிக்கு எந்த எண்ணெயும் அழிரப்பர் ஆகாது. அரிப்பும் இறுக்கமும் குறையும், நிறம் நாளாக ஆகத்தான் வெளிறும். வரியை அழிக்கும் என்று சொல்லி விற்கும் விலை கூடிய தைலத்துக்குக் காசு போடாதீர்கள்.

வார்டு சிஸ்டர்:

நான் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன், தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். தேன் விஷயத்தை முதலில் நிறுத்துங்கள் அம்மா. ஒரு வயது ஆகாத குழந்தை வாயில் தேன் படவே கூடாது. தேனில் இருக்கும் போட்டுலிசம் கிருமியின் வித்து பெரியவர்கள் வயிற்றில் ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி உடம்பைத் துவளச் செய்துவிடும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. காம்பிலும் வேண்டாம், அவள் நக்கும் கன்னத்திலும் வேண்டாம். வெடிப்புக்கு வேப்பெண்ணெய் போடுபவர்களும் உண்டு, அது இன்னும் மோசம், குழந்தை வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும்.

இப்போது வெடிப்பு. மூன்றாவது மாதத்திலும் ஒரே பக்கம் வெடிக்கிறது என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம் குழந்தை வாய் சரியாகப் பிடிக்கவில்லை. பால் குடித்து விட்டதும் காம்பைப் பாருங்கள், உருண்டையாக இல்லாமல் சாய்த்துச் சீவிய பென்சில் மாதிரி ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அதுதான் காரணம். நீங்கள் குனிந்து மார்பை அவளிடம் கொண்டுபோகாதீர்கள், அவளை உங்களிடம் கொண்டுவாருங்கள். அவள் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், மூக்கு காம்புக்கு நேராக வரட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டால் வாயை ஆவென்று திறப்பாள், அந்த நொடியில் முதுகைத் தாங்கி இழுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாடை மார்பில் அழுந்தி, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, கருவளையம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடிப்பு சரி. வலித்தால் சுண்டு விரலை அவள் வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி மறுபடி வையுங்கள், வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். சிசேரியன் தையல் இடிக்கிறது என்றால் பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே பிடித்துக் கொடுத்துப் பாருங்கள்.

குடித்து முடித்ததும் கடைசிப் பாலைக் கொஞ்சம் பீய்ச்சிக் காம்பிலேயே தடவிக் காற்றாட விடுங்கள். அப்படியும் ஆறவில்லை என்றால் மருந்துக் கடையில் சுத்திகரித்த லேனோலின் என்று கேளுங்கள், ஆட்டு ரோமத்தில் இருந்து எடுப்பது, பட்டாணி அளவு போதும், துடைக்காமலே பால் கொடுக்கலாம். கருவளையத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கிறதல்லவா, அவை தாமாகவே எண்ணெய் சுரந்து அந்த இடத்தைக் காக்கின்றன. அந்த வாசனையைத் தேடித்தான் குழந்தை மார்பை நோக்கித் திரும்புகிறது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவது அந்தக் காவலைக் கெடுப்பது.

காம்பு பளபளவென்று சிவந்து, பால் கொடுத்து முடித்த பிறகும் ஊசி குத்துவது போல எரிந்தால், பாப்பா நாக்கிலோ கன்னத்தின் உள்பக்கமோ துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் இருந்தால், அது பூஞ்சையாக இருக்கலாம். இருவருக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும், ஒருவருக்கு மட்டும் போட்டால் திரும்பத் திரும்ப வரும். மார்பில் கட்டி, சிவப்பு, காய்ச்சல் என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாமல்.

இன்னொன்று, வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வயிற்றில் ஊற்றுகிறார்களா? தையல் போட்ட வயிற்றில் அது வேண்டாம். உங்கள் வறட்சிக்குப் பாதிக் காரணம் அந்தச் சூடாகவே இருக்கலாம். வெதுவெதுப்பாகக் குளியுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், பச்சை உடம்புக்கு ஆகாது என்று டம்ளரை எண்ணிக் கொடுக்கும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும், எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும். பால் கொடுக்க உட்காரும் இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை ஆச்சி:

எல்லாம் சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு மஞ்சளையும் எண்ணெயையும் கண்டு பயப்படக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் பெற்றதும், என் மகள்களுக்குப் பிரசவம் பார்த்ததும் இந்தப் பொடிகளோடுதான். பிள்ளை பெற்றவளை உட்காரவைத்து நல்லெண்ணெய் தேய்த்து, முதுகு இடுப்பு எல்லாம் நீவிவிட்டுக் குளிப்பாட்டுகிறோமே, தோலுக்கு மட்டுமா அது? ராத்திரி முழுக்கக் கண் விழித்தவளை ஒருத்தி அரை மணி நேரம் தொட்டுக் கவனிக்கிறாள், அந்த நேரத்தில் பிள்ளையை வேறொருத்தி வைத்துக்கொள்கிறாள், குளித்து வந்த பெற்றவள் ஒரு தூக்கம் போடுகிறாள். எந்த கிரீமும் இதைத் தராது. அதனால் பாட்டி எண்ணெய் தேய்த்துவிட வந்தால் வேண்டாம் என்று சொல்லாதே கண்ணு, தையல் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்க்கச் சொல்.

மஞ்சள் விஷயத்தில் நானும் கண்டிப்பானவள்தான். கடையில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் விற்கும் தூளை நம்பி முகத்தில் பூசக் கூடாது. மெருகேற்றிய கிழங்கும் வேண்டாம். தெரிந்த விவசாயியிடம் வாங்கி, கல்லில் உரைத்துக் குழைத்த மஞ்சள்தான் எங்கள் வீட்டில். அதையும் தொப்புளுக்கும் மார்புக்கும் பூச விட மாட்டேன், காலுக்கும் கைக்கும்தான். பத்தியச் சாப்பாட்டையும் விட்டுவிடாதே. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் முருங்கைக்கீரையும் உடம்பைத் தேற்றும். உடம்பு தேறினால்தான் முகம் தெளியும். பிரசவ லேகியம் கொடுத்தால் நெல்லிக்காய் அளவுக்கு மேல் வேண்டாம்.

வார்டு சிஸ்டர்:

ஆச்சி சொன்ன எண்ணெய்க் குளியலுக்கு நானும் கைதூக்குகிறேன். மஞ்சளில் அவர் சொன்ன பயம் வீண் பயமும் இல்லை, நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள் வங்கதேசத்திலும் இந்தியாவிலும் பிடிபட்டிருக்கிறது. ஈயம் குழந்தை மூளைக்கு ஆகவே ஆகாது. அதே காரணத்துக்காகத்தான் விவரம் இல்லாத கண்மையும் வேண்டாம் என்கிறோம்.

தோல் ஓபி:

நான் தோல் மருத்துவம் மேற்படிப்பில் இருக்கிறேன். கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தந்தது அந்த நைட் கிரீம்தான், மற்றவர்கள் அதைத் தொடவில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும், பெயர்ப்பட்டியல் இல்லாத கிரீம் என்றால் எனக்கு இரண்டு சந்தேகம் வரும். ஒன்று பாதரசம், இன்னொன்று ஸ்டீராய்டு. 2023-ல் கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், இளவயதில் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களை டாக்டர்கள் துருவிக் கேட்டபோது பலரும் இப்படிப்பட்ட வெளுப்பு கிரீம் தடவியவர்கள் என்று தெரிந்தது, பரிசோதித்த கிரீம்களில் பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ஆபரேஷன் சௌந்தர்யா என்று கடை கடையாகச் சோதனையே நடத்தியது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போகும், தாய்ப்பாலிலும் வரும், நீங்கள் தடவிய கையாலும் தலையணையாலும் வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் போகும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதலில் முகம் தெளிந்த மாதிரி இருக்கும், அப்புறம் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், நிறுத்தினால் சிவந்து எரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-ல் பல ஸ்டீராய்டு கிரீம்களை எச் அட்டவணையில் சேர்த்ததே இதனால்தான். அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், வேறு யாராவது தடவுவார்கள்.

மங்குக்கு முதல் மருந்து நிழல். நீங்கள் எதைத் தடவினாலும் வெயில் ஒரு மணி நேரத்தில் அதை அழித்துவிடும், நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெளியே போனால் குடை. முகத்துக்கு ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள சன்ஸ்க்ரீன், எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாமல். இவை தோலின் மேலே தங்கி வெயிலைத் தடுக்கும் கனிமத் தூள்கள், பால் கொடுக்கும்போது தயங்காமல் போடலாம். லேசாகத் தோல் நிறம் கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும், மங்கு அந்த வெளிச்சத்துக்கும் கறுக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகம் கழுத்துக்குப் போதும், பொட்டு வைக்கிற அளவு எடுத்தால் பலன் இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்கு மங்கு தானாகவே குறையும், சிலருக்குத் தங்கும். தங்கினால் அசெலாயிக் அமிலம் என்ற கிரீமை டாக்டரிடம் கேளுங்கள். கோதுமை, பார்லியிலேயே இருக்கும் பொருள், உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம், பால் கொடுப்பவர்களுக்கு நாங்கள் எழுதித் தருவது. ஹைட்ரோகுவினோன் என்ற வெளுப்பு மருந்து வேண்டாம், தடவுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தத்தில் சேர்கிறது. ரெட்டினால், ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை கிரீம்களையும் பால் நிறுத்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதைத் தடவினாலும் அது காய்ந்த பிறகு பாப்பாவைத் தூக்குங்கள், அவள் கன்னம் படும் இடத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கெமிக்கல் வேண்டாம், இயற்கை போதும் என்று எழுதியிருந்தீர்கள். தேன், வேப்பெண்ணெய், கார்போக அரிசி, பாதரசம், ஈயம் எல்லாமே இயற்கைதான். உள்ளே என்ன இருக்கிறது, குழந்தையின் வாய்க்கும் மூக்குக்கும் போகுமா, வெயிலில் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் பாட்டியின் பயறு மாவும் இதில் தேறும், மருந்துக் கடை சன்ஸ்க்ரீனும் தேறும்.

கருத்தடை பற்றி யாராவது பேசினார்களா? ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை மங்கைத் தூண்டும், பாலையும் குறைக்கலாம். காப்பர் டி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இரண்டும் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும், மங்கு இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

குடந்தைப் பொண்ணு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தேனை நிறுத்தியாச்சு, மாமியாரிடம் சிஸ்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன், அவரே ஜாடியை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டார். பாட்டி கார்போக அரிசி போடாமல் வேறு பொடி அரைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். இடது பக்கம் அக்குளுக்குக் கீழே பிடித்துக் கொடுத்துப் பார்த்தேன், வலி இருக்கிறது, ஆனால் முன்னைப் போல இல்லை, காம்பு நசுங்கவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். இப்போது தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது, முன்நெற்றி ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பால் கொடுப்பதால்தான் கொட்டுகிறது, நிறுத்து என்று ஒருவர் சொல்கிறார். இதுவும் வறட்சியோடு சேர்ந்ததா?

தோல் ஓபி:

பால் கொடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நிறுத்தாதீர்கள். மாசமாக இருக்கும்போது ஹார்மோன் தயவில் உதிராமல் தங்கியிருந்த முடி பிரசவத்துக்குப் பிறகு சேர்ந்து உதிர்கிறது. இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் ஆரம்பித்து, குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். நெற்றியோரம் குட்டி முடி முளைத்து நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். இறுக்கிக் கொண்டை போடாதீர்கள், பிரசவத்துக்குப் பிறகு கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நடுவில் விட்டுவிடாதீர்கள்.

வறட்சி, முடி உதிர்வு இரண்டோடு சேர்த்து மிதமிஞ்சிய அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் என்று ஏதாவது இருந்தால் மட்டும் தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தைராய்டு சுரப்பி வீங்கி ஏறி இறங்குவது உண்டு, தூக்கம் இல்லாத அசதி என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாப்பாவுக்கு அடுத்த தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே கேட்டு எடுத்துவிடலாம், தனியாக அலைய வேண்டாம்.

நாஞ்சில் அம்மா:

தலைக்கும் அதே உருக்கெண்ணெய்தான் தங்கச்சி, லேசாகத் தடவி ஒரு மணி நேரம் கழித்து அலசினால் போதும். அப்புறம் உதிர்ந்த முடி பாப்பா விரலிலும் கால் விரலிலும் சுற்றிக்கொள்ளும், கவனம். கண்ணுக்கே தெரியாமல் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் அழுதால் காலுறையைக் கழற்றி விரல்களைப் பிரித்துப் பாருங்கள்.